எஞ்சினை இறக்குவதற்கு முன் மூன்று எண்களைக் கேளுங்கள்

உங்கள் கேள்வியில் பல கேள்விகள் கலந்திருக்கின்றன. கார் இருபது வயதானது. மூன்று சிலிண்டர், ஆயிரம் சிசிக்குக் குறைந்த பெட்ரோல் எஞ்சின், 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குறைகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றுவிடுகிறது. மைலேஜ் விழுந்துவிட்டது, நெரிசலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. பார்த்த மெக்கானிக் "எஞ்சினை இறக்கி வேலை பார்க்கணும், சின்ன எஞ்சின் இவ்வளவுதான் தாங்கும்" என்று சொல்லிவிட்டார். இனி இதை எப்படிப் பராமரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இந்த எஞ்சின் முடிந்துவிட்டதா இல்லையா என்பதைத்தான். அது தெரியாமல் பராமரிப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஆட்டோமொபைல் படித்துவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சின்ன பெட்ரோல் கார்களோடு மல்லுக்கட்டுபவன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஆனால் உங்கள் எஞ்சின் சத்தத்தை நான் கேட்கவில்லை, புகையைப் பார்க்கவில்லை, கார்புரேட்டரா இன்ஜெக்‌ஷனா என்றும் (பெட்ரோலைக் காற்றோடு கலப்பது பழைய இயந்திரக் கருவியா, கம்ப்யூட்டர் சொல்படி தெளிக்கும் முறையா என்றும்) நீங்கள் எழுதவில்லை. எனவே கீழே வருவதில் சில உறுதியாகச் சொல்லக்கூடியவை, சில என் ஊகம். எது எது என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

"சின்ன எஞ்சின் இவ்வளவுதான் தாங்கும்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மேல் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பெரிய எஞ்சின் சோம்பலாகச் சுற்றும்; சின்ன எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். ஒரே தூரத்துக்கு அதன் பிஸ்டன் கூடுதலாக ஏறி இறங்குகிறது. அதைவிட முக்கியமாக நான் கருதுவது ஆயிலின் அளவு. இந்த வகை எஞ்சின்களில் சம்ப், அதாவது அடியிலுள்ள ஆயில் தொட்டி, கொள்வது ஏறக்குறைய மூன்று லிட்டர்தான். ஐந்து லிட்டர் கொள்ளும் எஞ்சினில் அரை லிட்டர் குறைந்தால் அது பத்தில் ஒரு பங்கு. உங்கள் காரில் ஆறில் ஒரு பங்கு. மிச்சமிருக்கும் ஆயில் அதே சூட்டையும் அதே அழுக்கையும் சுமக்க வேண்டும். ஆகவே சின்ன எஞ்சின் சீக்கிரம் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் அளவு அல்ல. டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பியை) யாரும் இழுத்துப் பார்க்காததுதான். பார்த்துப் பார்த்து ஓட்டப்பட்ட சின்ன எஞ்சின்கள் 2,00,000 கிலோமீட்டரை ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) திறக்காமலே தாண்டியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டிப்ஸ்டிக் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கார் சமதளத்தில் நிற்க வேண்டும். எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பார்ப்பது இன்னும் நல்லது. அளவோடு நிறுத்தாமல் முகர்ந்தும் பாருங்கள். ஆயில் குறைவது எல்லாருக்கும் தெரிந்த பயம். ஆயில் ஏறுவது அதைவிடக் கெட்டது, அதை யாரும் கவனிப்பதில்லை. பழைய கார்புரேட்டர் கார்களில் எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் என்ற சவ்வு கிழிந்தால் பெட்ரோல் நேராகச் சம்புக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் அளவு கூடும், பெட்ரோல் வாடை அடிக்கும், ஆயில் தண்ணீராகி பேரிங்கைத் தின்னும். இன்னொன்று: டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கு அளவைக் காட்டுவதல்ல, அழுத்தத்தைக் காட்டுவது. ஆயில் போதாமல் அந்த விளக்கு எரிகிறது என்றால் பம்ப் ஏற்கெனவே காற்றை உறிஞ்சத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஓடும்போது எரிந்தால் "அடுத்த வளைவு வரை போய்விடலாம்" என்று நினைக்காமல் அங்கேயே அணைக்க வேண்டும்.

இப்போது உங்கள் நீலப் புகைக்கு வருவோம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆயில் எந்த வழியாகப் போகிறது என்பதைப் புகை வரும் நேரம் சொல்லிவிடும். இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை வந்து அடங்கினால், வால்வுத் தண்டின் ரப்பர் சீல்கள் காய்ந்துபோய் ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இறங்கி, கீழே வந்து மிதித்ததும் புகை வந்தாலும் அதே சீல்கள்தான். காலை எடுக்கும்போது உள்ளே வெற்றிடம் கூடி, தளர்ந்த சீல் வழியே ஆயிலை உறிஞ்சுகிறது. மாறாக, சூடான எஞ்சின் பாரத்தோடு மேடேறும்போது விடாமல் நீலப் புகை வந்தால் பிஸ்டனைச் சுற்றி அடைத்து நிற்கும் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. நீங்கள் எழுதியிருப்பது முதல் வகை. வால்வு சீல் மாற்ற எஞ்சினை இறக்கத் தேவையே இல்லை. பல எஞ்சின்களில் ஹெட்டைக்கூடக் கழற்றாமல், பிளக் ஓட்டை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வைக் கீழே விழாமல் நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றி சீலை மாற்றிவிடலாம். கை தேர்ந்தவருக்கு ஒரு நாள் வேலை.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது கட்டைவிரல் அளவுள்ள ஒரு சாதனம்: பிசிவி வால்வு. எரியும் வாயுவில் கொஞ்சம் எப்போதும் ரிங்குகளைத் தாண்டி எஞ்சினின் அடிவயிற்றுக்குள் கசியும், புது எஞ்சினிலும்கூட. அந்த வாயுவை மறுபடியும் இன்டேக்குக்கு (காற்று உள்ளே போகும் வழிக்கு) அனுப்பி எரிக்கும் குழாயில் இருப்பதுதான் இந்த வால்வு. அது பிசுக்கு ஏறி அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் ஆயிலை ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும், சீல்களைத் தாண்டி வெளியேயும் தள்ளும். இதை நான் கற்றுக்கொண்ட விதம் சொல்லிக்கொள்ளும்படியானது அல்ல. தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில், புகைத்த ஒரு சின்ன காரின் எஞ்சினை நானே இறக்கி, ரிங் மாற்றி, சிலிண்டர் சுவரை உரசிச் சீராக்கும் ஹோனிங் செய்து ஏற்றினேன். மறுபடியும் புகைத்தது. இரண்டு நாள் தூங்காமல் தேடியபின் கண்டுபிடித்தது, கரி அடைத்துப்போன ஒரு ரப்பர் குழாய். பழைய ரிங்குகளை எடுத்து அளந்து பார்த்தேன்; எல்லைக்குள்தான் இருந்தன. கார்க்காரரிடம் அதைச் சொன்னேனா என்று கேட்காதீர்கள். அன்றிலிருந்து எந்த எஞ்சினையும் அளக்காமல் திறப்பதில்லை.

பிசிவி வால்வைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது வால்வை அதன் இடத்திலிருந்து பிடுங்கி, வால்வின் வாயை விரலால் மூடுங்கள். அது விரலை உறிஞ்சி இழுக்க வேண்டும். அணைத்துவிட்டுக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஆட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். கூடவே ஐட்லிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி வந்தால் பரவாயில்லை. புகைவண்டி மாதிரி விட்டு விட்டு வேகமாக ஊதினால் ரிங்குகள் மீது சந்தேகம் வலுக்கிறது. மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி மஞ்சள் வெள்ளைப் பசை இருந்தால் உடனே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. உள்ளே படியும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்து அந்தப் பசையாகிறது. டிப்ஸ்டிக்கில் இருக்கும் ஆயில் சுத்தமாக இருந்து, கூலன்டும் (ரேடியேட்டரில் சுற்றும் குளிர்விக்கும் திரவமும்) குறையாமல் இருந்தால் ஹெட்டைத் தொடாதீர்கள். ஒரு மணி நேரம் நல்ல சாலையில் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

தலைப்பில் சொன்ன மூன்று எண்கள், மூன்று சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவுகள், அதாவது ஒவ்வொன்றிலும் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பது. "கம்ப்ரஷன் போயிடுச்சு" என்று கை வைத்துப் பார்த்துச் சொல்வதை ஏற்காதீர்கள். கேஜ் போட்டு அளந்த எண்ணைக் கேளுங்கள். அளப்பதற்கும் ஒழுங்கு உண்டு. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், மூன்று பிளக்கையும் கழற்றியிருக்க வேண்டும், இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்திருக்க வேண்டும், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்திருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். மிதிக்காமல் எடுத்தால் எண் பொய்யாகக் குறைந்து காட்டும். இந்த ஒரு தவறால் தேவையில்லாமல் திறக்கப்பட்ட எஞ்சின்கள் ஏராளம். நல்ல நிலையில் இருக்கும் இந்த வகை எஞ்சின் பொதுவாக 170 முதல் 190 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) காட்டும், 140-க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். துல்லியமான எல்லை உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும், அதுதான் முடிவானது. எண்ணைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம். மூன்றும் 155 என்று ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் அந்த எஞ்சின் இன்னும் பல ஆண்டு ஓடும். 175, 175, 120 என்று வந்தால் அந்த ஒன்றில் ஏதோ குறிப்பான கோளாறு இருக்கிறது. அப்போது குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எண் துள்ளி ஏறினால் ரிங். அசையாமல் இருந்தால் வால்வு அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் ஊதியிருக்க வாய்ப்பு அதிகம்.

வால்வு என்றதும் டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சின்ன இடைவெளி, பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பராமரிப்பில் பெரும்பாலோர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். பழைய சின்ன எஞ்சின்கள் பலவற்றில் வால்வு இடைவெளியை ஸ்க்ரூவும் நட்டும் வைத்துக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் இன்டேக்குக்கு 0.15 மி.மீ.யும் எக்சாஸ்டுக்கு (புகை வெளியேறும் வால்வுக்கு) அதைவிடச் சற்றுக் கூடுதலும் வழக்கமாகக் காணும் அளவுகள். உங்கள் கையேடு வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். இடைவெளி கூடினால் டிக் டிக் என்று சத்தம் வரும், உடனே வண்டியை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோவார்கள். ஆனால் நாளாக நாளாக எக்சாஸ்ட் வால்வு தன் இருக்கைக்குள் அமிழ்ந்து அமிழ்ந்து இடைவெளி குறையவும் செய்யும். அப்போது எஞ்சின் அமைதியாகிக்கொண்டே வரும். எல்லாருக்கும் மகிழ்ச்சி. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் இருக்கையைத் தொட்டுத்தான் தன் சூட்டை ஹெட்டுக்குக் கொடுக்கிறது. இடைவெளி இல்லாமல் போனால் முழுக்க மூடாது, சூடு இறங்காது, விளிம்பு கருகி ஒரு துண்டு பெயர்ந்துவிடும். கேஸில் ஓடும் கார்களில் இது இன்னும் வேகமாக நடக்கிறது. சத்தம் போடும் டேப்பெட் கார் எனக்குப் பயமில்லை. 1,40,000 கிலோமீட்டரில் ஒருமுறைகூட டேப்பெட் பார்க்காமல், தையல் மெஷின் மாதிரி அமைதியாக ஓடும் காரைத்தான் முதலில் திறந்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைப்பேன். உங்கள் எஞ்சினில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் இருந்தால் இந்த வேலை கிடையாது.

நெரிசலில் முள் ஏறுவது தனிக் கதை. நல்ல செய்தி என்னவென்றால், நின்றால் சூடாகி, ஓடினால் குறைகிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் காற்றோட்டம்தான். ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுகிறது. நிற்கும்போது மின்விசிறிதான் இழுக்க வேண்டும். காரை நிறுத்தி ஐட்லிங்கில் விட்டு, ஃபேன் எப்போது சுற்றத் தொடங்குகிறது என்று காத்திருந்து பாருங்கள். முள் நடுவைத் தாண்டியும் சுற்றவில்லை என்றால் ஃபேன் ஸ்விட்ச், ரிலே, ஃபியூஸ், மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சுற்றியும் சூடாகிறது என்றால் ரேடியேட்டரின் இதழ்களில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கலாம், அல்லது ஃபேன் மோட்டார் தேய்ந்து மெதுவாகச் சுற்றலாம். எதிர்மாறாக, நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால்தான் சூடாகிறது என்று நீங்கள் எழுதியிருந்தால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது, வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கிறது, அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிக்கொள்கிறது என்று வேறு திசையில் தேடச் சொல்லியிருப்பேன்.

ரேடியேட்டர் மூடியை யாரும் ஓர் உதிரி பாகமாகவே மதிப்பதில்லை. 0.9 பார் என்று அச்சிட்ட மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீரின் கொதிநிலையே 100 டிகிரியிலிருந்து ஏறக்குறைய 119 டிகிரிக்குப் போகிறது. கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே. மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தம் நிற்கவில்லையென்றால் எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லாமலே தண்ணீர் கொதித்து வெளியேறும். கூலன்ட் விஷயத்தில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது உறுதியாகத் தவறு. அது இரும்பைத் துருவாக்கும், அலுமினிய ஹெட்டை அரிக்கும், தண்ணீரில் இருக்கும் உப்பு குறுகலான வழிகளில் பாறை மாதிரி படியும். பாதிக்குப் பாதி கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் கலந்து, இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முழுக்க வடித்து மாற்றுங்கள். மாற்றியபின் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். அதைச் செய்யாமல் விட்டு, "கூலன்ட் மாத்தினதிலிருந்துதான் சூடாகுது" என்று வருபவர்கள் உண்டு. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். முகம் வெந்துபோனவரை நேரில் பார்த்திருக்கிறேன்.

சூடேறும் காருக்கு ஒர்க்ஷாப்புகளில் செய்யும் பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. உங்கள் காரிலும் அதைச் செய்திருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். ஏனென்றால் அது நடந்திருந்தால் நீங்கள் சொல்லும் தொல்லைகள் ஒரே கயிற்றில் கோத்த மாதிரி பொருந்திவிடும். தெர்மோஸ்டாட் 82 அல்லது 88 டிகிரி வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி, எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்கும் கதவு. அது இல்லாவிட்டால் எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வரவே வெகுநேரமாகும், நெடுஞ்சாலையில் குளிர்ந்தே ஓடும். கார்புரேட்டர் காரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. இன்ஜெக்‌ஷன் காரில் கம்ப்யூட்டர் "எஞ்சின் இன்னும் குளிர்ச்சி" என்று நினைத்துக் கூடுதல் பெட்ரோல் தெளித்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவி இறங்கும், ரிங் தேயும். இவ்வளவுக்குப் பின்னும் நெரிசலில் சூடாவது நிற்காது, ஏனென்றால் உண்மையான கோளாறு ஃபேனில் அப்படியே இருக்கிறது. சோதிப்பது எளிது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டிருங்கள். தெர்மோஸ்டாட் இருந்தால் சில நிமிடங்கள் குளிர்ச்சியாகவே இருந்து, கதவு திறந்ததும் சட்டென்று சுடும். இல்லையென்றால் தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டு வரும்.

மைலேஜைப் பற்றி மேலும் பேசும் முன் அதை எப்படி அளந்தீர்கள் என்று கேட்க வேண்டும். முள்ளைப் பார்த்துச் சொல்வதை நான் நம்புவதில்லை. டேங்க்கை முழுக்க நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பம்பில் மறுபடி முழுக்க நிரப்பி வகுத்துப் பாருங்கள், இரண்டு மூன்று தடவை. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு நீங்கள் மாறியிருந்தால் ஒரு பங்கு வீழ்ச்சி அதனாலேயே வரும். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20 விழுக்காடு கலந்தால் கணக்குப்படி ஆறேழு விழுக்காடு குறையும். அதற்கென வடிவமைக்காத பழைய ரப்பர் ஹோஸ்களை எத்தனால் ஊதி மென்மையாக்கவும் செய்யும். அந்த ஹோஸ்களைப் புதிய வகைக்கு மாற்றுவது தீ விபத்தைத் தவிர்க்கும் வேலை, தள்ளிப்போடாதீர்கள்.

பிறகு கையால் ஒரு சோதனை. பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரங்களின் நடுவிலும் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. எஞ்சினைத் திட்டிப் பயனில்லை. டயர் காற்று, நழுவும் கிளட்ச் இவையும் மைலேஜைத் தின்னும். ஏர் ஃபில்டரை எல்லாரும் முதலில் குற்றம் சொல்வார்கள். கார்புரேட்டர் காரில் அது நியாயம், ஏனென்றால் காற்று குறைந்தால் கலவையில் பெட்ரோல் கூடிவிடும். ஆனால் ஆக்சிஜன் சென்சார் வைத்த இன்ஜெக்‌ஷன் காரில் காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் சோதித்துச் சொன்னதும் இதுவே: அடைத்த ஃபில்டரால் இழுவை குறைந்தது, எரிபொருள் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. அதற்காக ஃபில்டரை மாற்றாமல் விடாதீர்கள். கிழிந்த ஃபில்டர் வழியே போகும் மண் சிலிண்டரை அரம் போட்டுத் தேய்க்கும்.

பிளக்குகளைக் கழற்றும்போது எந்தச் சிலிண்டருடையது எது என்று வரிசையாக வையுங்கள். அவை உள்ளே நடப்பதன் சாட்சி. வெளிர் காப்பி நிறமும் காய்ந்த முனையும் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதல். எண்ணெய்ப் பசை ஒன்றில் மட்டும் இருந்தால் அந்தச் சிலிண்டரின் சீலும் ரிங்கும் கேள்விக்குரியவை. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கிறது அல்லது எஞ்சின் அதிகச் சூட்டில் ஓடுகிறது. அலுமினிய ஹெட்டில் பிளக்கை எஞ்சின் குளிர்ந்தபின் மட்டும் கழற்றுங்கள். போடும்போது முதலில் விரலால் சுற்றி இறக்குங்கள். ஸ்பானரால் தொடங்கினால் மரை போய்விடும், பிறகு அழுவதுதான். இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, பிளக் ஒயர்களைத் தொடாமல் பாருங்கள். நீலப் பொறி தாவுவது தெரிந்தால் ஒயர்கள் மாற்றும் வயதுக்கு வந்துவிட்டன.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் காரை என்னிடம் விட்டிருந்தால் முதலில் பார்ப்பது: வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட். உங்கள் எஞ்சினில் செயின் இல்லாமல் பல் வைத்த ரப்பர் பெல்ட் இருந்தால், அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பருக்குக் கிலோமீட்டரைப் போலவே வயதும் கணக்கு. குறைவாக ஓடியது என்பதால் அது இளமையாக இருக்காது. சில எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் கார் நின்றுவிடும், அவ்வளவுதான். வேறு சிலவற்றில் பிஸ்டன் போய் வால்வை இடித்து வளைக்கும். உங்களுடையது எந்த வகை என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், கேம் மற்றும் கிராங்க் ஆயில் சீல்கள், பெல்ட் ஓட்டும் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் கூடவே மாற்றிவிடுங்கள். சொல்லப்போனால் குறையும் உங்கள் அரை லிட்டரில் ஒரு பங்கு அந்த சீல்கள் வழியாகவே கசிந்துகொண்டிருக்கலாம். பெல்ட் மூடிக்குள் வடிவதால் தரையில் சொட்டு விழாது.

ஆயில் மாற்றுவதில் உறுதியானதையும் சந்தேகத்துக்குரியதையும் பிரித்துச் சொல்கிறேன். கையேடு சொல்லும் கிலோமீட்டர் அல்லது மாதம், எது முந்தி வருகிறதோ அப்போது ஃபில்டரோடு மாற்ற வேண்டும். குறுந்தூர ஓட்டம் மட்டும் என்றால் இன்னும் முன்னதாக. இது உறுதி. தேய்ந்த எஞ்சினுக்குக் கொஞ்சம் தடித்த ஆயில், அதாவது 10டபிள்யூ30 ஊற்றும் இடத்தில் 10டபிள்யூ40, என்பது என் வழக்கம். கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் அது பெரும்பாலும் குறைவதைத் தணிக்கிறது. ஆனால் எல்லா மெக்கானிக்குகளும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதற்கும் மேலே மிகத் தடித்த ஆயிலை ஊற்றிப் புகையை மறைப்பது, விற்பவர்கள் செய்யும் தந்திரம். புகையை நிறுத்தும் என்று புட்டியில் விற்கும் கலவைகள் சீல்களைச் சற்று ஊதி மென்மையாக்கும், தற்காலிகமாகப் பயன் தெரியலாம்; நான் என் காரில் ஊற்றியதில்லை. பல ஆண்டு பிசுக்கு ஏறிய எஞ்சினில் ஃபிளஷ் திரவம் ஊற்றுவதைப் பற்றி எனக்குக் கெட்ட அனுபவமே உண்டு. பெயர்ந்த பிசுக்கு ஆயில் பம்பின் வலையை அடைத்துக்கொண்டது. நல்ல ஆயிலை இரண்டு மூன்று தடவை பாதி இடைவெளியில் மாற்றினால் அதே வேலை மெதுவாக, ஆபத்தில்லாமல் நடக்கும்.

எஞ்சினை எப்போது உண்மையிலேயே இறக்க வேண்டும்? சூடான ஐட்லிங்கில் ஆயில் விளக்கு மினுக்கி, தனி கேஜ் வைத்து அளந்தும் அழுத்தம் குறைவு என்றால். கீழிருந்து கனத்த தட்டல் சத்தம், பாரம் ஏறும்போது கூடினால். கம்ப்ரஷன் எல்லைக்குக் கீழே இருந்து, ஆயில் விட்டதும் ஏறினால். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால். சில தயாரிப்பாளர்களின் கையேடுகளே ஒரு லிட்டர் வரை ஏற்கத்தக்கது என்று சொல்கின்றன, உங்களுடையது அதில் பாதி. நீங்கள் எழுதியதில் இவற்றில் ஒன்றுமில்லை. எனவே என் கணிப்பு, அந்த மெக்கானிக் சொன்னது இப்போதைக்குத் தேவையில்லாத வேலை. அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை, அளக்காமல் சொல்லியிருக்கிறார்.

முதலில் ஃபேன் ஓடுகிறதா, மேல் ஹோஸ் எப்படிச் சூடாகிறது, பிசிவி வால்வு இழுக்கிறதா என்று மூன்றையும் நீங்களே பாருங்கள். அரை மணி நேரம் போதும். பிறகு டேப்பெட் இடைவெளியை குளிர்ந்த எஞ்சினில் சரிசெய்யச் சொல்லிவிட்டு, எஞ்சின் சூடானதும் கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். இறுகிய வால்வு கம்ப்ரஷன் எண்ணைக் கெடுக்கும், அதனால் அந்த வரிசையை மாற்ற வேண்டாம். மூன்று எண்களையும், உலர்வாக எடுத்ததும் ஆயில் விட்டு எடுத்ததும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கார்புரேட்டரா இன்ஜெக்‌ஷனா என்பதையும் சேர்த்துச் சொன்னால், சீல் மட்டும் போதுமா என்று அப்போது உறுதியாகச் சொல்கிறேன்.